எட்டு மாத அனுபவம்

யோகலிங்கத்தின் கையில் ஒரு பழைய துவக்கைக் கொடுத்தால் போதும், அதன் சாதகத்தையே சொல்லிவிடுவார். குழல் எந்த ஆலையில் கடைந்தது, கட்டையை எந்த வருடம் மாற்றினார்கள், எந்தப் பட்டாளத்தில் எத்தனையாம் இலக்கமாக நின்றது, பிறகு எந்தக் கள்ளன் மூன்று துவக்குகளைப் பிரித்து ஒன்றாகப் பூட்டி விற்றான் என்பதெல்லாம் அவருக்குத் திருகாணியிலும் தகட்டிலும் எழுதியிருக்கும். பூதக்கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, அரைவாசி தேய்ந்துபோன ஒரு முத்திரையைப் பார்த்து, “இது இந்தத் துவக்கின்ரை தகடு இல்லை” என்று அவர் சொன்னால் சொன்னதுதான். ஆப்கான் எல்லைக் கொல்லர்கள் பிரித்தானிய மகாராணியின் முத்திரையைப் பார்த்துக் குத்திய கள்ளத் துவக்குகளை அவர் பத்தடி தூரத்திலேயே பிடித்துவிடுவார். ஆங்கிலம் தெரியாத கொல்லன் குத்திய எழுத்துகளில் ஒன்றாவது இடம் வலம் மாறி நிற்குமாம்.

லண்டன் எட்மண்டனில் அவருடைய வீட்டுப் பின்னறை முழுக்க இதுதான். மாட்டினி ஹென்றித் துவக்கு இரண்டு, ஸ்னைடர் ஒன்று, மற்றதெல்லாம் உதிரிப் பாகங்கள். நூறு வயது தாண்டிய, தோட்டா கிடைக்காத துவக்கை அலங்காரப் பொருளாக வைத்திருக்க இந்த நாட்டில் அனுமதி தேவையில்லை. தபால் பிரிக்கும் வேலையில் இருபத்தாறு வருடம் நின்று ஓய்வு பெற்ற மனுசனுக்குக் கோயிலுக்குப் போன ஞாயிற்றுக்கிழமைகளை விட ஆயுதச் சந்தைக்குப் போன ஞாயிற்றுக்கிழமைகள்தான் கூட. மனைவி நகுலேஸ்வரி அந்த அறைக்குள் விளக்குமாற்றோடு மட்டும் போவாள். அதுவும் வாசல் வரைக்கும்தான்.

அறுபத்திரண்டாவது வயதில் அவருக்கு ஒரு யோகம் அடித்தது. லண்டனுக்கு வடக்கே ஒரு சின்னக் காட்சியகம். செத்துப்போன இராணுவக் கேணல் ஒருவர் தன்னிடமிருந்த நூற்று நாற்பது துவக்குகளை அதற்கு எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார். எது அசல், எது கலப்பு, எந்தப் பாகம் எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பட்டியல் புத்தகம் போட வேண்டும். காட்சியகத்தின் பொறுப்பாளர் கிரகாம் பதினைந்து வருடமாகச் சந்தைகளில் யோகலிங்கத்திடம் சந்தேகம் கேட்டுத் திரிந்த வெள்ளைக்காரர். புத்தகத்தின் மாதிரி அட்டையை அச்சடித்துக்கொண்டே வந்துவிட்டார். அட்டையின் கீழ்ப்பக்கத்தில், கேணலின் பெயருக்குக் கீழே, ‘பாகங்களை இனங்கண்டவர்: க. யோகலிங்கம்’ என்று ஆங்கிலத்தில் இருந்தது. யோகலிங்கம் அந்த அட்டையைச் சாமி அறையில் வைத்தார். நகுலேஸ்வரி அதற்கும் ஒரு பூ வைத்தாள்.

ஒரேயொரு சிக்கல்தான். கேணலின் துவக்குகளில் பாதிக்கு இன்றைக்கும் தோட்டா கிடைக்கும். ஆகவே அவற்றைத் தொடுகிறவருக்குப் பொலிஸ் அனுமதிப் பத்திரம் வேண்டும். யோகலிங்கம் விண்ணப்பத்தை நிரப்பினார். ‘துவக்குகள் பற்றிய அறிவை எங்கே பெற்றீர்கள்?’ என்ற கேள்விக்கு, ‘லண்டனில், புத்தகங்களிலும் சந்தைகளிலும். அதற்கு முன் துவக்கைத் தொட்டதில்லை’ என்று எழுதினார். அது சத்தியமான உண்மை. இந்த அரசாங்கத்தின் படிவம் ஒன்றில் அவர் எழுதிய முதல் முழு உண்மையும் அதுதான் என்று சொன்னால் குற்றமில்லை. நற்சாட்சி சொல்ல இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். ஒன்று பழைய தபால் மேலாளர். மற்றது, கண்ணை மூடிக்கொண்டு, ஞானேஸ்வரன். இருபது வருடமாக எந்தப் படிவத்துக்கும் ரெஃபரன்ஸ் என்றால் அந்த வீட்டில் ஞானேஸ்வரன்தான்.

பொலிஸிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். சப்பாத்தை வாசலில் கழற்றிய மரியாதையான மனுசி. பின்னறையைச் சுற்றிப் பார்த்தார், பூட்டுகளைப் பார்த்தார், நகுலேஸ்வரி கொடுத்த தேநீரையும் குடித்தார். பிறகு பையைத் திறந்து ஒரு காகிதக் கோவையை எடுத்தார்.

“நீங்கள் இங்கே பிறந்தவர் இல்லை என்பதால் குடிவரவுத் திணைக்களத்திடமும் விசாரித்தோம்,” என்றார். “ஆயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூற்றொன்றில் நீங்கள் கொடுத்த அகதி வாக்குமூலம் இது. ஓர் ஆயுத இயக்கத்தின் பட்டறையில் எட்டு மாதம் கட்டாயத்தின் பேரில் துவக்குத் திருத்தியதாகச் சொல்லியிருக்கிறீர்கள். இந்த விண்ணப்பத்தில் துவக்கையே தொட்டதில்லை என்கிறீர்கள். இரண்டில் எது உண்மை, யோகலிங்கம்?”

யோகலிங்கம் காலியான தேநீர்க் கோப்பையைத் தட்டில் நேராக வைத்தார்.

அவர் ஊரில் துவக்குத் திருத்தவில்லை. சுன்னாகத்தில் மாமனின் இரும்புக் கடையில் ஆணி நிறுத்துக் கொடுத்தவர். ஷெல் அடி, சுற்றிவளைப்பு, இரண்டு கிழமை ஆமிக் காம்பில் தலைகீழாகக் கட்டி அடி, பிறகு கொழும்பு, பிறகு விமானம். மனுசனாய்ப் பிறந்தவனுக்கு ஓடிவர இது போதும். ஆனால் லண்டன் மனோர் பார்க்கில் ஏழு பேர் ஒன்றாய்ப் படுத்த அறையில், எல்லாருக்கும் அகதிக் கேஸ் எழுதிக் கொடுத்த ஸ்ரீதரன் அண்ணைக்கு அது போதவில்லை. “உன்ரை கதை காணாது, தம்பி. ஷெல் அடி எல்லாருக்கும்தான். உனக்கெண்டு ஒண்டு வேணும்,” என்றார் அவர். பக்கத்தில் பருப்பு அவித்துக்கொண்டு நின்றவன் ஞானேஸ்வரன். வந்து ஒரு மாதம் ஆகாதவன். உண்மையாகவே எட்டு மாதம் பட்டறையில் கிடந்தவன். சமைக்கும்போதெல்லாம் அந்தக் கதையைத்தான் சொல்லுவான். உப்புக் களஞ்சியத்துக்குப் பின்னால் ஓலைக் கொட்டில், பொலிஸ் நிலையங்களில் பறித்த பழைய முந்நூற்றுமூன்று ரகத் துவக்குகள், பிழை விட்டால் அரத்தால் முழங்கையில் அடிக்கிற ஆறு விரல் பொறுப்பாளர். ஞானேஸ்வரனின் விசாரணைக்கு இன்னும் திகதி வரவில்லை. யோகலிங்கத்தின் திகதி வந்துவிட்டது. ஞானேஸ்வரன் வெளியே போயிருந்த நேரமாகப் பார்த்து ஸ்ரீதரன் பேனையை எடுத்தார். யோகலிங்கம் கையெழுத்து வைத்தார்.

கேட்டால் சொல்லத் தெரியவேண்டுமே என்று, ஈஸ்ட் ஹாம் நூலகத்தில் துவக்குப் படம் போட்ட புத்தகம் ஒன்றை எடுத்து ஒரு கிழமை கோயில் தேவாரம் போலப் பாடமாக்கினார். விசாரணையில் கேட்டார்கள். இருபத்தேழு பாகங்களை ஆங்கிலத்தில், ஒரு பிசகு இல்லாமல் சொன்னார். எழுதிக்கொண்டிருந்த அதிகாரி தலையை நிமிர்த்தி அவரை ஒருமுறை பார்த்தார். விசா வந்தது.

இரண்டு மாதம் கழித்து ஞானேஸ்வரனிடமும் அதே கேள்வியைக் கேட்டார்கள். அவனுக்குப் பாகங்கள் கையில்தான் தெரியும், வாயில் தெரியாது. ஒரு துவக்கைத் தாங்கோ, கண்ணைக் கட்டிக்கொண்டு கழற்றிப் பூட்டிக் காட்டுறன் என்றானாம். அங்கே துவக்குக்கு எங்கே போக? வெடித்த தோட்டாவின் கோதைக் கொளுவி வெளியே இழுக்கிற துண்டை, ‘சின்ன நகம் மாதிரி ஒண்டு’ என்றான். மொழிபெயர்க்க வந்தவர் சென்னைக்காரர், துவக்கைச் சினிமாவில் பார்த்தவர். நகம் என்றே சொல்லிவிட்டார். ‘இதே கதையை வேறொரு விண்ணப்பதாரி இதைவிட நல்ல ஆயுத அறிவோடு சொல்லியிருக்கிறார். நீங்கள் அதைக் கேட்டுச் சொல்கிறீர்கள்’ என்று மறுப்புக் கடிதம் வந்தது. தன் கதையை ஸ்ரீதரன் வேறு யாருக்கோ விற்றுவிட்டார் என்று நினைத்து ஞானேஸ்வரன் அவருடைய சேட்டுக் கொலரைப் பிடித்தான். ஸ்ரீதரன் கதை கொடுத்ததை மறுக்கவில்லை, ஆனால் யாருக்கு என்றும் சொல்லவில்லை. அடுத்த கிழமையே கனடாவுக்குப் போய்ச் சேர்ந்து, அங்கேயே செத்தும் போனார். ஞானேஸ்வரன் லொறிக்குள் ஒளிந்து பிரான்சுக்குப் போனான். பதின்மூன்று வருடம் பாரிஸில் கோப்பை கழுவினான். தாய் செத்ததற்கும் போக விசா இல்லை. அவனுக்கென்று பேசி வைத்த பெண் ஒன்பது வருடம் பார்த்துவிட்டு வேறொருவனைக் கட்டினாள். பிரெஞ்சுக் கடவுச்சீட்டோடு லண்டனுக்குத் திரும்பி வந்தபோது தலை நரைத்த தனியாளாகத்தான் வந்தான்.

யோகலிங்கம்தான் அவனுக்கு அறை பார்த்துக் கொடுத்தார். அப்டன் பார்க்கில் பாத்திரக் கடையொன்றின் மூலையில் கிரைண்டரும் மிக்சியும் திருத்த இடம் பிடித்துக் கொடுத்தார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டார். “உன்னைப் போல ஒரு சிநேகிதன் கிடைக்க நான் என்ன புண்ணியம் செய்தனோ” என்று ஞானேஸ்வரன் சொல்லும்போதெல்லாம் யோகலிங்கம் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவார்.

விசா கிடைத்த பிறகும் துவக்குப் புத்தகத்தை அவர் விடவில்லை. முதலில் பயம்தான். திரும்பவும் கூப்பிட்டுக் கேட்டால் என்ன செய்வது? படத்தில் பார்த்தால் போதாது என்று சந்தைக்குப் போய் ஒரு பழைய விசை வளையத்தை வாங்கிவந்து தடவிப் பார்த்தார். அதில் ஒரு கிரீடமும் ஓர் எழுத்தும் குத்தியிருந்தன. அது என்ன எழுத்து, யார் குத்தியது என்று தேடிப் போனவர் பிறகு திரும்பி வரவேயில்லை. பயம் எந்த வருடம் போய் ஆசை எந்த வருடம் வந்தது என்று அவருக்கே தெரியாது. இந்த முப்பத்துநாலு வருடத்தில் அவர் யாரிடமும் களவெடுக்காமல், பொய் சொல்லாமல், தன் கண்ணாலும் கையாலும் சம்பாதித்தது இந்த அறிவு ஒன்றுதான். அதற்குத்தான் இப்போது அட்டையில் பெயர் வரப்போகிறது.

“எது உண்மை?” என்று அதிகாரி திரும்பவும் கேட்டார். குரலில் அவசரமில்லை.

பழையது பொய் என்றால், பொய் சொல்லி வாங்கிய விசா, அதன் மேல் வாங்கிய குடியுரிமை, அவரை நம்பி வந்த நகுலேஸ்வரியின் குடியுரிமை எல்லாம் ஒரே கயிற்றில் தொங்குகின்றன. கயிற்றை அறுக்க யாருக்குத்தான் கை வரும்?

“பழையது உண்மை,” என்றார் யோகலிங்கம். “விண்ணப்பத்தில் பிழையாக எழுதிவிட்டேன். அந்தக் காலத்தை நினைக்க எனக்கு விருப்பமில்லை.”

அதிகாரியின் முகத்தில் ஓர் இரக்கம் வந்தது. அந்த இரக்கம்தான் அவரைக் கொன்றது. “எனக்கு விளங்குகிறது,” என்று சொல்லி எழுதிக்கொண்டார். “கட்டாயத்தின் பேரில் செய்தது என்பதையும் கவனத்தில் எடுப்போம். உங்களுக்கு ரெஃபரன்ஸ் தந்தவர்களிடமும் இதைப் பற்றிக் கேட்கவேண்டியிருக்கும்.”

வாசல் கதவு சாத்தியதும் நகுலேஸ்வரி குசினியிலிருந்து வந்தாள். அவளுக்கும் சுன்னாகம்தான். அந்த இரும்புக் கடையில் ஆணி வாங்கியவள்.

“ஆணி நிறுத்துக் குடுத்த மனுசன் துவக்குத் திருத்தினவராம்! கேஸ் எழுதினது எண்டு தெரியும். இப்பிடி எழுதினது எண்டு எனக்கு நீங்கள் சொல்லேல்லையே. ஆற்றை கதை அது?”

யோகலிங்கம் சொன்னார். சொல்லி முடிக்க அவள் கதிரையில் இருந்துவிட்டாள்.

“கடவுளே. அந்த மனுசன் இந்த மேசையிலை இருந்து எத்தினை தரம் அழுதிருக்கும். அந்த ஆளையே ரெஃபரன்ஸாய்ப் போட்டிருக்கிறியளே, உங்களுக்கு என்ன விசரே?”

“யோசிக்கேல்லை.”

“இப்ப போங்கோ. பொலிஸ் கேக்க முன்னம் நீங்களாப் போய்ச் சொல்லுங்கோ. காலிலை விழவேணுமெண்டாலும் விழுங்கோ.”

அவர் அடுத்த நாள் காலையே அப்டன் பார்க்குக்குப் போனார். ஞானேஸ்வரன் ஒரு கிரைண்டரைக் குப்புறக் கவிழ்த்து வைத்து, உள்ளே பார்க்காமலே விரலால் திருகாணி தேடிக்கொண்டிருந்தான். ஆளைக் கண்டதும் முகமெல்லாம் பல்லாகி, பக்கத்துக் கடையில் தேநீரும் ரோல்ஸும் சொன்னான்.

“பொலிஸ் போன் எடுக்கட்டும் மச்சான். உன்னைப் பற்றி நான் சொல்லுற சொல்லிலை அவங்கள் உனக்கு ஒரு மெடலும் சேர்த்துத் தருவாங்கள். புத்தகம் வந்தா எனக்கு முதல் பிரதி, சொல்லிப்போட்டன்.”

யோகலிங்கம் மூன்று முறை வாயைத் திறந்தார். முதல்முறை தேநீர் வந்தது. இரண்டாம்முறை மிக்சியோடு ஒரு பெண் வந்தாள். மூன்றாம்முறை யாரும் வரவில்லை. வராததால்தான் அவருக்குச் சொல்ல முடியவில்லை.

“மச்சான், அவங்கள் இயக்கம், துவக்கு எண்டு பழசுகள் ஏதும் கேட்டா... தெரியாது எண்டு சொல்லிவிடு.”

“உன்னைப் பற்றி ஏன் அதைக் கேக்கப் போறாங்கள்?” ஞானேஸ்வரன் சிரித்தான். “நீ ஆணிக் கடைக்காரன். என்னைப் பற்றிக் கேட்டாலும் ஒரு ஞாயம் இருக்கு.”

யோகலிங்கமும் சிரித்தார். அப்படிச் சிரித்துவிட்டு பஸ் ஏறிய அந்த மனுசனை என்னவென்று சொல்வது? கோழை என்றால் கோழைகளுக்கு ரோசம் வரும். வீட்டில் நகுலேஸ்வரி, “சொன்னீங்களோ?” என்று கேட்டாள். “ஓம்” என்றார்.

மூன்று கிழமை ஓடியது. ஞானேஸ்வரனிடமிருந்து அழைப்பு இல்லை. இவரும் எடுக்கவில்லை. பிறகு ஒரே நாளில் இரண்டு செய்தி வந்தன. முதலாவது பொலிஸ் கடிதம். ‘விண்ணப்பதாரி ஓர் ஆயுத இயக்கத்தின் பட்டறையில் பணியாற்றியதை அவரும் ஏற்றுக்கொண்டுள்ளார். அவருக்கு ரெஃபரன்ஸ் அளித்த திரு. ஞானேஸ்வரனும் அதை உறுதிப்படுத்தியுள்ளார். ஆகவே அனுமதி மறுக்கப்படுகிறது.’ இரண்டாவது கிரகாமின் மின்னஞ்சல். மிகவும் வருந்துகிறேன், வேறொரு நிபுணரை அழைத்திருக்கிறோம், சந்தேகம் வந்தால் படம் எடுத்து அனுப்பலாமா, பெயர் போட முடியாது என்பதை நீங்கள் புரிந்துகொள்வீர்கள் என்று எழுதியிருந்தார். சாமி அறையில் இருந்த அட்டையை நகுலேஸ்வரி அன்றைக்கே எடுத்துவிட்டாள். எங்கே போட்டாள் என்று அவர் கேட்கவில்லை.

கடிதத்தின் அந்த ஒரு வரியை அவர் எத்தனை தரம் படித்தார் என்று கணக்கில்லை. உறுதிப்படுத்தியுள்ளார். ஞானேஸ்வரன் தெரியாது என்றும் சொல்லவில்லை, பொய் என்றும் சொல்லவில்லை. ஓம் என்றிருக்கிறான். கடிதத்தைச் சேட்டுப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு அப்டன் பார்க்குக்குப் போனார்.

ஞானேஸ்வரன் நிமிர்ந்து பார்த்தான். தேநீர் சொல்லவில்லை. கதிரையைக் காட்டவும் இல்லை.

“கடிதம் வாசிச்சனியோ?” என்றான்.

“ஓம்.”

“நல்ல பொம்பிளை அவ. போனிலை ஆறுதலாக் கதைச்சவ. மொழிபெயர்க்க ஆள் வேணுமோ எண்டு கேட்டவ. வேண்டாம், இப்ப எனக்கு இங்கிலிஷ் விளங்கும் எண்டனான்.” அவன் கையிலிருந்த திருப்புளியை மேசையில் வைத்தான். “உன்ரை வாக்குமூலத்தை வாசிச்சவ. உப்புக் களஞ்சியம், ஓலைக் கொட்டில், ஆறு விரல் மனுசன், அரத்தாலை அடி. ஒண்டும் விடேல்லை. நான் இந்தக் கதிரையிலை இருந்து என்ரை சீவியத்தை ஒரு வெள்ளைக்காரி வாசிக்கக் கேட்டுக்கொண்டிருந்தனான் யோகலிங்கம்.”

இருபது வருடத்தில் ஞானேஸ்வரன் அவரை மச்சான் என்று கூப்பிடாமல் பெயர் சொன்னது அன்றைக்குத்தான்.

“என்னை மன்னிச்சுக்கொள்,” என்றார் யோகலிங்கம். அழுகை வந்துவிட்டது. கடையில் பாத்திரம் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். “உன்னட்டையும் அதே கேள்வியைக் கேப்பாங்கள் எண்டு எனக்கு அப்ப தெரியாது. உன்ரை கேஸ் விழும் எண்டு நான் நினைக்கேல்லை.”

“விழுந்த பிறகு தெரியும்தானே. பாரிஸிலை நான் கிடந்த காலத்திலை தெரியும்தானே. இஞ்சை வந்து உன்ரை வீட்டிலை சோறு திண்ட காலம் முழுக்க உனக்குத் தெரியும்தானே.”

யோகலிங்கம் கன்னத்தைச் சேட்டுக் கையால் துடைத்தார். கேட்காமல் போக முடியாத ஒன்றைக் கேட்டார்.

“அப்ப ஏன் உண்மை எண்டு சொன்னனீ? பழிவாங்கவோ? இல்லாட்டி என்னைக் காப்பாற்றவோ?”

ஞானேஸ்வரன் கைகளை எண்ணெய்த் துணியில் துடைத்தான். வலது முழங்கையில் பழைய தழும்பு ஒன்று வெள்ளையாகக் கிடந்தது.

“ரெண்டும் இல்லை. அவ வாசிச்சு முடிச்சுப்போட்டு, இதெல்லாம் உண்மையோ எண்டு கேட்டவ. ஓம், ஒவ்வொரு சொல்லும் உண்மை எண்டனான். எனக்கு உங்களை நம்ப ஏலும் எண்டு சொன்னவ.” அவன் முதல்முறையாக யோகலிங்கத்தின் முகத்தைப் பார்த்தான். “முப்பத்துநாலு வருஷத்திலை அந்தக் கதை உண்மையெண்டு என்ரை வாயாலை கேட்டு ஒராள் நம்பினது அண்டைக்குத்தான். அதைப் போய் இல்லையெண்டு சொல்ல எனக்கு எப்பிடி மனம் வரும்?”